மூக்குக்குப் பழகிய வாசனை

பிலிபிலி ஒரு கிண்ணத்தின் மேல் நின்றுவிட்டாள். மூக்கை ஓட்டைக்குள் நுழைத்துக்கொண்டு, மீசை துடிக்க, முன்னங்கால் நகத்தால் தரையை விறுவிறு என்று பிறாண்டினாள்.

'அங்கே என்னத்தடி கண்டே?' என்று தௌசி மனதுக்குள்தான் கேட்டாள். வேலை நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எலி சளியை மோந்து பார்ப்பதை விட்டுவிட்டு இவள் முகத்தை மோந்து பார்க்க ஆரம்பித்துவிடும்.

பிலிபிலி பூனை அளவு இருக்கும் எலி. பிலிபிலி என்றால் மிளகாய். குட்டியாக இருந்தபோது தௌசியின் கட்டைவிரலைக் கடித்து அந்தப் பெயரை வாங்கிக்கொண்டாள். மொரொகோரோவில், உளுகுரு மலையடிவாரத்தில், காசநோயை மோந்து சொல்ல எலிகளைப் பழக்கும் நிலையத்தில் இருவருக்கும் வேலை. நீளமான கண்ணாடிக் கூண்டு. தரையில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் கிருமி சாகும்படி சூடாக்கிய சளி ஒரு கிண்ணத்தில். ஊரிலுள்ள சுகாதார நிலையங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'நோய் இல்லை' என்று ஒதுக்கிவிட்ட சளியும் இங்கே வரும். கண்ணுக்குத் தப்பியது மூக்குக்குத் தப்பாமல் போவது உண்டு.

நோய் இருப்பது ஏற்கெனவே உறுதியான கிண்ணங்களும் சில அந்த வரிசையில் கலந்திருக்கும். அவற்றின் மேல் நின்றால் தௌசி 'டிக்' என்று ஒலி எழுப்புவாள். மசித்த வாழைப்பழம் கிடைக்கும். இப்போது பிலிபிலி நின்ற கிண்ணம் அந்த வகை இல்லை. இது 'இல்லை' என்று சொல்லப்பட்டு வந்த கிண்ணம். உண்மை யாருக்கும் தெரியாத இடத்தில் பரிசு கொடுத்தால், பழத்துக்காக எலி பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். அதனால் தௌசி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிலிபிலி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு விவரம் போதாது என்பதுபோல அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தாள். அடுத்து வந்த எலியும் அதே கிண்ணத்தில் நின்றது. கிண்ணத்தின் எண்ணைக் குறித்து ஆய்வகத்துக்கு மறுசோதனைக்கு அனுப்பினார்கள். யாருடைய சளி என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது.

வாசலில் ஹாரன் அலறியது. ஒரு தடவை அடித்தால் போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கஷிந்தே கல்யாண ஊர்வலம் மாதிரிதான் அடிப்பான். சுகாதார நிலையங்களிலிருந்து சளிப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவது அவன் வேலை. மற்ற நேரத்தில் அதே வண்டியில் ஆள் ஏற்றுவான்.

"என்னடி மலையாடே, இன்னும் உனக்குக் கல்யாணம் ஆகலையா? உள்ள அத்தனை மாப்பிள்ளைங்க மீசையை முறுக்கிட்டு நிக்கிறானுவ!"

"வந்துட்டான்டா மூட்டைதூக்கி. உங்க பாட்டன் கடற்கரைக்குத் தந்தம் சுமந்தான். நீ எச்சில் சுமக்கிற. நல்லா முன்னேறிட்டீங்க."

தௌசி லுகுரு. கஷிந்தே நியாம்வேசி. இந்த இரண்டு இனத்துக்கும் பூட்டன் காலத்திலிருந்து கேலிமுறை, உதானி என்பார்கள். முறைக்காரன் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்தால் ஊர் சிரிக்கும். தௌசியின் மாமா செத்தபோது, சவப்பெட்டி கிளம்புகிற நேரத்தில் கஷிந்தே சாலையில் மல்லாந்து படுத்துவிட்டான். "ஒரு சேவல் தராம இந்தக் கஞ்சப்பயலைப் புதைக்க விடமாட்டேன்!" அத்தை அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சேவலைக் கொடுத்துத்தான் அவனை எழுப்பினார்கள். அன்றைக்குக் குழியில் மற்ற எல்லாரையும்விட அதிக மண் தள்ளியவனும் அவன்தான். அந்த உறவு அப்படி. மரியாதையாகப் பேசிக்கொள்கிற நூறு சொந்தக்காரர்கள் செய்யாததை வாய்க்கு வாய் திட்டிக்கொள்கிற ஒரு முறைக்காரன் செய்துவிடுவான்.

பெட்டியை இறக்கும்போது கஷிந்தேவுக்கு இருமல் வந்தது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"இந்த இருமல் எப்படா நிக்கும்? கிழட்டு ஆடு மாதிரி."

"புழுதிடி. பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் நின்னு பாரு, தெரியும். அகுலினா சிஸ்டர் தொல்லை தாங்காம துப்பியும் குடுத்தாச்சு. மைக்ராஸ்கோப்புல பாத்துட்டாங்க. ஒண்ணுமில்ல! சுத்தத் தங்கம்!" நெஞ்சில் தட்டிக்கொண்டான். "அந்தச் சளியையும் போன தடவை நானேதான் இங்க சுமந்துட்டு வந்தேன். என் எச்சிலுக்கு நானே டிரைவர்."

"எலி பாக்கட்டும், அப்புறம் ஆட்டம் போடு."

"டாக்டரே இல்லைன்னதுக்கு அப்புறம் உன் பெருச்சாளி என்னத்தைக் கிழிக்கும்? அது மூக்குல அப்படி என்ன இருக்கு, என் மூக்குல இல்லாதது?"

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் தௌசி சொல்லிச் சொல்லி மனப்பாடமான விஷயம். ஆனால் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்ல முடியாது.

"உன் மூக்குக்குள்ள, மேல, கூரை மாதிரி ஒரு இடம் இருக்கு. சின்ன இடம்தான். அதுல வாசனையைப் பிடிக்கிற ஏற்பிங்க இருக்கு. காத்துல மிதந்து வர துகள்ல ஒரு சிலது மட்டும்தான் ஒரு ஏற்பிக்குப் பொருந்தும். பொருந்தினா அது மூளைக்குச் சேதி அனுப்பும். மனுசனுக்கு அதுல நானூறு வகை. உனக்கு நாலு இருந்தா அதிகம்."

"அந்த நாலை வச்சுக்கிட்டா நான் வறுத்த மீனு, பெட்ரோலு, வரப்போற மழை, என் பொண்டாட்டி கோவம் எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறேன்?"

"சர்ச்சுல கீபோர்டு பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட, சாப்பாடு போடும்போதுதானே வருவ. கட்டை கொஞ்சம்தான். ஆனா மூணு நாலைச் சேத்து அமுக்கினா எத்தனை பாட்டு வருது? அது மாதிரி, ஒரு வாசனை வந்தா பல ஏற்பி ஒண்ணா அடிக்கும். எதெது சேந்து அடிச்சுதுன்னு பாத்துத்தான் மூளை 'இது மீனு, இது மழை'ங்குது. பிலிபிலிக்கு ஆயிரம் வகைக்கு மேல. காசநோய்க் கிருமி விடுற துகள் வந்தா அவ மூக்குல ஒரு பாட்டே கேக்கும். நம்ம மூக்குல அந்தக் கட்டையே இல்லை."

"யானைக்கு?"

"அதுக்கு எலியைவிட அதிகம். ரெண்டாயிரம் கிட்ட வரும்னு சொல்றாங்க."

"அட, அதுங்க மிக்குமி ரோட்டுல சும்மாதானே நிக்குதுங்க! ஒண்ணைப் புடிச்சுட்டு வந்தா ஊரையே ஒரே மூச்சுல மோந்து தள்ளிடுமே. வாழைப்பழச் செலவுதான் கொஞ்சம் கூட ஆகும்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

'சுத்தத் தங்கம்' என்று அவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டதைத் தௌசியால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. முறைக்காரன் பெருமை பேசினால் அதை உடைக்காமல் தூங்கப் போவது பாவம். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியின் செல்போனை வாங்கி, அகுலினா சிஸ்டரின் கரகரத்த குரலை அப்படியே எடுத்துக்கொண்டாள். அகுலினா பேசினால் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். "கஷிந்தேவா? உங்க சளியை மறுபடியும் பாத்தோம். ஒண்ணு தெரிஞ்சிருக்கு. போன்ல சொல்ல முடியாது. உடனே வாங்க."

கஷிந்தே சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் பறந்தான். அகுலினா சிஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்து, "யாரு கூப்பிட்டா உங்களை?" என்றாள். அப்போதுதான் ஜன்னல் பக்கத்திலிருந்து தௌசி எட்டிப் பார்த்து, "சோம்பல் தெரிஞ்சிருக்குடா! ஊசி போடணும்!" என்று கத்தினாள். வரிசையில் நின்ற நோயாளிகள் வலியை மறந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் கஷிந்தே. மறுநாள் காலை, நிலையத்தின் வாசலில் கழுத்தில் மாலையோடு ஒரு ஆடு கட்டியிருந்தது. எலி மாப்பிள்ளை வீட்டுச் சீராம். இரவல் ஆடுதான், மத்தியானமே வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரம் ஊர் முழுக்க அதே பேச்சு.

அந்த வாரத்தின் கடைசியில் அகுலினா சிஸ்டர் எலி நிலையத்துக்கு நடந்தே வந்தாள். கனத்த உடம்பு, வெள்ளைச் சீருடை வியர்வையில் நனைந்திருந்தது. தௌசியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என் குரல்ல போன் பண்ணினது நீதானே?"

தௌசி சிரிக்கப் போனாள். அகுலினாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"யாருக்கு என்ன வியாதின்னு உங்கிட்ட நான் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டேன். ஒரு ஆளு எங்க நிலையத்துக்கு வரணும். மூணு நாளா கூப்பிடறேன். 'தௌசி, குரல் இன்னைக்குச் சரியா வரலை, வெந்நீர் குடி'ன்னு சொல்லி வச்சுடறான். நேத்து வீட்டுக்கு ஆளை அனுப்பினேன். டீ குடுத்து, கை தட்டி, 'நடிப்பு பிரமாதம், அந்த மலையாடு உனக்கு என்ன குடுத்தா'ன்னு கேட்டு அனுப்பிட்டான். வீட்ல கைக்குழந்தை இருக்கு. இதுக்கு மேல என் வாயைப் பிடுங்காத. நீதான் கெடுத்த, நீயே சரி பண்ணு."

அந்த ஆள் யார் என்று தௌசிக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கிண்ணம், எந்த எலி நின்றது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் குணமாகிவிடும் நோய். போடாவிட்டால் முதலில் அவன், பிறகு அவன் மடியில் கிடக்கும் குழந்தை. அவன் மகள் லிமிக்கு இன்னும் ஒரு வயசு ஆகவில்லை. முன் பல் இரண்டு மட்டும் வந்திருந்தது.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற மர நிழலில் கஷிந்தே மண்டாசி என்கிற எண்ணெய்ப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் அவன் கூட்டாளிகள்.

"டேய், சிஸ்டர் கூப்பிட்டது நிஜம். நான் இல்லை. போய்ப் பாரு."

"கேட்டீங்களாடா? 'நான் இல்லை'யாம்!" கூட்டாளிகள் ஓ என்று கத்தினார்கள்.

"விளையாடலைடா மூட்டைதூக்கி! ஆத்தா மேல சத்தியமா!"

"அத்தனை சத்தியமும் எங்க பூட்டன் காலத்துலயே பாத்தாச்சு. வேற வச்சிருக்கியா?"

தௌசிக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி அவன் முகம் மாறியதுபோல் இருந்தது. அப்புறம் எழுந்து நின்று, கையை உயர்த்தித் தட்டினான். "கண்ணீரும் வருதுடா! பாருங்க! போன தடவை குரல் மட்டும்தான், இந்தத் தடவை கண்ணீரோட!" எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான். தௌசிக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டுக்கும் போனாள். அவன் மனைவி நியமிசியைத் தனியாகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தாள். நியமிசியும் நியாம்வேசிதான், அவளுக்கும் தௌசி முறைக்காரிதான். "போடி, போன தடவை என் புருசன் பொத்தானை மாத்திப் போட்டுட்டு ஓடினான், இந்தத் தடவை நான் பாவாடையை மாத்திக் கட்டிக்கிட்டு ஓடணுமா?" என்று தோளில் இடித்தாள். உள்ளே கஷிந்தே பாயில் படுத்திருந்தான். லிமி அவன் மார்பின் மேல் குப்புறக் கிடந்து அவன் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இருமல் வந்தது. குழந்தையை இறக்காமல், அவள் உச்சந்தலை மேலேயே இருமினான். லிமிக்கு அது குதிரை சவாரி. கெக்கெக்கென்று சிரித்தாள்.

தௌசி என்ன திட்டினாலும் அவன் சிரித்தான். கெஞ்சினாலும் சிரித்தான். அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அது ஒரே சரக்கு என்று அவன் காது முடிவுசெய்துவிட்டது.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். எலித் தீனி வைக்கிற அறையைத் தாண்டும்போது அவர்களோடு வந்த ஆசிரியை தலைத்துணியின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அம்மாடி, என்ன நாத்தம் இது! நீங்க எப்படி இங்க உக்காந்து சாப்பிடறீங்க?"

"என்ன நாத்தம்?" என்றாள் தௌசி.

"கருவாட்டு நாத்தம்தான்!"

தீனியில் டகா கருவாடு சேர்ப்பது உண்டு. மூட்டை மூட்டையாக அங்கேதான் கிடக்கிறது. தௌசி நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஏற்பிகள் அலுத்துப்போய்ச் சேதி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும், மூளையும், இது தெரிந்த விஷயம்தானே என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அவரவர் வீட்டு வாசனை அவரவருக்குத் தெரியாமல் இருப்பது அதனால்தான். "வாசனை போயிடலை, இங்கயேதான் இருக்கு. நம்ம மூக்குதான் அதை மதிக்கிறதில்லை. புதுசா ஒண்ணு வந்தாத்தான் முழிச்சுக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். ஒரு பையன், "அப்புறம் அக்கா?" என்றான். அப்புறம் என்ன என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மீதிப் பேச்சை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதிகமாகக் கத்திப் பிரயோஜனமில்லை. கருவாட்டு அறையில் இன்னும் நாலு மூட்டை கருவாட்டைக் கொட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

மத்தியானம் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். குளித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற கங்காத் துணியை எடுத்துக் கட்டி, இன்னொன்றைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். வழி முழுக்க வாயைத் திறக்காமல் நடந்தாள். தெரிந்தவர்கள் யாராவது செத்துவிட்டார்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

கஷிந்தே வீட்டு முற்றத்தில் மாமரத்தடியில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நியமிசி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லிமி வாளியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாடா! இன்னைக்கு என்ன வேஷம்? பொண்ணு பாக்க வராங்களா? எந்தக் கூண்டுலேர்ந்து?"

தௌசி முற்றத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள். மெதுவாக அவன் முன்னால் வந்து, முழங்காலை லேசாக மடக்கித் தாழ்ந்தாள்.

"ஷிகமோ, கஷிந்தே அண்ணே."

வயதில் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. ஊரில் எல்லாரும் எல்லாப் பெரியவர்களுக்கும் நாள் முழுக்கச் சொல்வதுதான். கஷிந்தே அவளைவிட ஆறேழு வயது மூத்தவன். ஆனாலும் அவள் அவனுக்கு அதைச் சொன்னதே கிடையாது.

"மரஹபா, மரஹபா, பேத்தி!" கிழவன் குரலில் பதில் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். அடுத்து வரப்போகிற வசவுக்காகக் காத்திருந்தான்.

"நல்லா இருக்கீங்களா அண்ணே? அண்ணி நல்லா இருக்காங்களா? பாப்பா நல்லாத் தூங்கினாளா?"

"தூங்கினா, தூங்கினா. சரி, விஷயத்துக்கு வா, மலையாடே."

"உங்க நேரத்தைக் கெடுக்கிறதுக்கு மன்னிக்கணும்."

கஷிந்தே துணியைப் பிழிந்தான். "உங்க மாமன், அந்தக் கஞ்சப்பய, அவனுக்காகக் குடுத்த சேவல் இருக்கே, வேகவே இல்லைடி. ஓணான் மாதிரி ஒரு சேவல்!"

"அன்னைக்கு நீங்க வந்தது எங்க குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல் அண்ணே. எங்க அத்தை இன்னைக்கும் சொல்றாங்க."

அவன் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முறத்தின் சத்தம் நின்றிருந்தது. அவன் இன்னொன்றைச் சொல்லிப் பார்த்தான், அவளுடைய காலைப் பற்றி, மலையேறி மலையேறிக் குட்டையாகிப்போன லுகுருக்காரர்களின் காலைப் பற்றி. தௌசி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போய் ஒட்டிக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

"ஏய்," என்றான் தாழ்ந்த குரலில். "யாரு செத்தா?"

"யாரும் சாகலை அண்ணே. சாகக் கூடாதுன்னுதான் வந்தேன். முதல்ல போன்ல பேசினது நான். அது தப்பு. அதுக்கப்புறம் கூப்பிட்டதெல்லாம் அகுலினா சிஸ்டரேதான். வீட்டுக்கு வந்தவரும் அவங்க அனுப்பினவர்தான். தயவு செஞ்சு போய் அவங்களைப் பாருங்க."

கஷிந்தே மனைவியைப் பார்த்தான். நியமிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"தௌசி."

"சொல்லுங்க அண்ணே."

"இப்படிப் பேசாதடி. பயமா இருக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஒரு தடவை திட்டிடு. மூட்டைதூக்கின்னு சொல்லு. ஒரே ஒரு தடவை."

தௌசியின் நாக்கு நுனியில் நூறு வசவு நின்றது. எச்சில் சுமக்கிறவனே, கிழட்டு ஆடே, சாப்பாட்டுக்குச் சர்ச்சுக்கு வருகிறவனே. இப்போது அவன் கண்ணில் இருந்த பயத்தைத் துடைக்க அதில் ஒன்று போதும். அவளுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, தாகம் போல இருந்தது. சொன்னால் அவன் சிரிப்பான். மூன்று பேரும் சிரிப்பார்கள். அவன் லிமியை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வான்.

"நீங்க என்னைவிடப் பெரியவங்க அண்ணே," என்றாள். "பெரியவங்களை நான் எப்படித் திட்டுவேன்?"

கஷிந்தேவுக்கு இருமல் ஏறி வந்தது. லிமி வாளியை விட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்து எழுந்து நின்றாள், சவாரி வரப்போகிறது என்று. அவன் குனிந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் காலிலிருந்து பிரித்து எடுத்தான். அவசர அவசரமாக மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு, சட்டையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். நீளமான இருமல். ஏமாந்துபோன லிமி கத்தி அழ ஆரம்பித்தாள்.

இருமல் அடங்கியும் அவன் கிட்டே வரவில்லை. மரத்தடியிலேயே நின்றான்.

"நியமிசி, பிள்ளையைத் தூக்கி உள்ள போ," என்றான். பிறகு தௌசியைப் பார்த்தான். "சிஸ்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க, தங்கச்சி?"

அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "இருப்பாங்க அண்ணே, நமக்காகத்தான் காத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு, அவன் பார்க்காதபடி கங்காவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போனாள்.